கோதுமை படாத தொடக்கு விருந்து

என் பாக்யாவுக்கு,

உன்னை இப்படி 'என்' போட்டு நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "பாக்யா, தண்ணி வந்துருச்சு பாரு", "பாக்யா, பால் பொங்குது". பதினெட்டு வருடம் ஒரே சமையலறையில் நின்ற இரண்டு ஓரகத்திகளுக்குள் அதற்கு மேல் என்ன பேச்சு? நீ போய் இரண்டு வருடம் ஆன பிறகு இந்த 'என்' வருகிறது. எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. எனக்கு உரிமை இல்லாத வார்த்தை அது.

நேற்று வருசத் தொடக்கு. உனக்குத் தெரியாததா? ஆனால் இந்தக் கடிதத்தை உன்னைத் தவிர எல்லாரும் படிக்கப் போகிறார்கள், அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நம் வீடு மாதிரி பாதி கன்னடமும் பாதி தமிழும் பேசுகிற வீடுகளில் யுகாதி அன்று ஒப்பட்டு செய்வார்கள். மைதா மாவுக்குள் பருப்புப் பூரணம் வைத்துத் தட்டிச் சுடுவது. மறுநாள் கறி. அந்தக் கறி நாளுக்குத்தான் தொடக்கு என்று பெயர். அன்றைக்கு வீட்டில் என்ன நடக்கிறதோ அதுதான் வருடம் முழுக்க நடக்கும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் அன்று சண்டை போட மாட்டோம், அழ மாட்டோம், வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டோம்.

நேற்று நம் வீட்டில் சண்டையும் நடந்தது, அழுகையும் நடந்தது. இதுதான் வருடம் முழுக்க என்றால் நடக்கட்டும். எனக்கு இது வேண்டியதுதான்.

முதலில் தீபா சேதி. உன் மகளுக்கும் உன் வியாதியே வந்திருக்கிறது. போன வருடம் சேலம் ஹாஸ்டலில் இருந்தபோது எடை இறங்கி, முடி கொட்டி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கி, கடைசியில் டெஸ்ட் எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக். நீ அந்தப் பேரை முதன்முதலில் இந்த வீட்டில் சொன்னபோது "அது என்னடி, மிக்சி கம்பெனி பேரு மாதிரி இருக்குது" என்று சிரித்தவள் நான். கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் ஆகாது. ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் குடல் புண்ணாகும், ஆனால் வெளியே உடனே ஒன்றும் தெரியாது. அந்த 'வெளியே தெரியாது' என்பதுதான் எங்களுக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

வியாதி தெரிந்த நாளிலிருந்து தீபா இந்த வீட்டில் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைப்பதில்லை. லீவுக்கு வருவாள், அப்பாவோடு இரண்டு நாள் இருப்பாள், கையோடு கொண்டுவந்த டப்பாவைத் திறந்து சாப்பிடுவாள். "ஏன் கண்ணு, தொட்டம்மா உனக்குத் தனியா செஞ்சு குடுக்க மாட்டனா?" என்று கேட்டால், "வேணாங்க தொட்டம்மா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பாள். பெரியம்மாவைத் தொட்டம்மா என்று கூப்பிடுகிற பழக்கத்தை மட்டும் அவள் விடவில்லை. மரியாதையாகத்தான் சொல்கிறாள் என்று நானும் எடுத்துக்கொண்டேன்.

ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் பதினைந்து வருடமாகச் சமைக்கிறேன். என் கையால் சாப்பிடாத பிள்ளை இந்த ஊரில் கிடையாது. அப்படிப்பட்டவளின் வீட்டுக்குள் வந்து கொழுந்தன் மகள் டப்பாவைத் திறந்து சாப்பிட்டால் எனக்கு எப்படி இருக்கும்? அந்த ரோசத்தில்தான் அவளைக் கூப்பிட்டேன். பாசத்தில் கூப்பிட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

"இந்தத் தொடக்குக்கு உனக்குன்னே சமைக்கறேன். கோதுமை வாசம்கூட இருக்காது. நீ வந்து நின்னு பாரு" என்று போனில் சொன்னேன்.  "சரிங்க, வரேன். டப்பா கொண்டாரட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். "சரிங்க, கொண்டாரேன்" என்று வைத்துவிட்டாள்.

உன் ஓவனை எடுத்தேன். தருமபுரியில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாயே, அதே ஓவன். சமையலறையில் இடமில்லை என்று சொல்லி மாட்டுக் கொட்டகை ஓரம் அதற்கு இடம் கொடுத்தோம். அங்கேயே நின்று சாணி வாசத்துக்கு நடுவில் உனக்கு மட்டும் கறியும் காய்களும் சுட்டுச் சாப்பிட்டாய். சமையலறையில் நன்றாகவே இடம் இருந்தது. கிரைண்டரை ஒரு அடி நகர்த்தியிருந்தால் போதும்.

நீ போன பிறகு என் மகன் பெங்களூரிலிருந்து வரும்போதெல்லாம் அதில் பீட்சா சுட்டான். திறந்தவுடன் ஒரு நாற்றம். காய்ந்த சீஸ் கறுத்துப் போய் மூலையில் ஒட்டியிருக்கிறது, அதில் கரப்பான் முட்டை. தட்டு முழுக்க மைதாத் துகள். நீ இருந்தவரை பளிச்சென்று இருந்த பெட்டி. சோடா உப்பும் எலுமிச்சையும் போட்டு இரண்டு நாள் தேய்த்தேன்.  தட்டை எவ்வளவு தேய்த்தாலும் நம்ப முடியாது, புதிதாக வாங்குங்கள் என்று தீபா போனில் சொன்னாள். வாங்கினேன்.

யுகாதி அன்று ஏரியூர் அண்ணி வந்தார்கள். நம் இரண்டு பேருக்கும் நாத்தனார், நம் வீட்டுக்காரர்களுக்கு மூத்தவர். ஒரு தூக்கு நிறைய ஒப்பட்டு. இந்த வருடம் தொடக்குக் கறி அவர்கள் வீட்டில், எல்லாரும் வர வேண்டும் என்று அழைக்க வந்தார்கள். நான் வரவில்லை, தீபாவுக்குச் சமைக்கிறேன் என்றதும் முகம் சுருங்கிவிட்டது.

"அம்மாக்காரி ஆடுன ஆட்டத்த இப்ப மவ ஆடறாளா? ஒரு ஒப்பட்டு தின்னா செத்தா போயிருவா?" என்றார்கள்.

உன்னைச் சாகக் கொடுத்த வீட்டில், உன் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சொன்னார்கள். விரலில் நெய் வழிந்தது. அதை நக்கிக்கொண்டே சொன்னார்கள். எனக்கு அந்த விரலைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் எட்டு வருடத்துக்கு முன்னால் இதே பேச்சுக்கு நான் கூடவே சிரித்திருக்கிறேன், பாக்யா. முந்தாநாள்தான் அது அசிங்கம் என்று எனக்கு உறைத்தது என்றால் நான் எப்படிப்பட்டவள்?

கறிக்கு அலைந்தது தனிக்கதை. தொடக்குக்கு நம் ஊரில் பத்து வீடு சேர்ந்து ஆடு அடித்துக் கூறு போடுவார்களே, ஒவ்வொரு கூறிலும் தொடையில் கொஞ்சம், நெஞ்சில் கொஞ்சம், ஈரலில் கொஞ்சம் என்று. எனக்கு ஒரு தொடை முழுசாக வேண்டும் என்று கேட்டேன். "ஏக்கா, தொடைய முழுசா உங்களுக்குக் குடுத்துட்டா மத்த ஒம்போது கூறுல நாங்க என்னத்த வெக்கறது?" என்று கூறு போடுகிறவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். நியாயம்தானே. நல்லம்பள்ளி கறிக்கடையில் விடியக்காலமே போய் வரிசையில் நின்று, முழுத் தொடையாகக் கேட்டு வாங்கினேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் வீட்டில் கல்யாணமா என்று கேட்டார்கள்.

மசாலாப் பொடி எதையும் தொடவில்லை. மிளகு, சீரகம், மல்லி, பட்டை எல்லாவற்றையும் முழுசாக வாங்கி வெயிலில் காய வைத்து, அம்மியைக் கழுவி அரைத்தேன். இஞ்சி பூண்டோடு கெட்டித் தயிரில் கலந்து, தொடையைக் கத்தியால் அங்கங்கே கீறி உள்ளே திணித்தேன். தட்டில் கேரட், சின்ன வெங்காயம், பாலக்கோட்டுத் தக்காளி, பிஞ்சுக் கத்திரி. பங்குனி மாதத்துக் காய்களுக்கு ஒரு மினுமினுப்பு உண்டே, கத்தி வைக்கவே மனசு வராது. அதன் மேல் கறியை வைத்து ஓவனில் தள்ளினேன். ஓவன் இப்போது சமையலறையில்தான் இருக்கிறது. கிரைண்டரை நகர்த்தினேன். பக்கத்து அடுப்பில் சோறும், ஒரு சட்டியில் அவரைக்காய்ப் பொரியலும். பொரியலுக்குத் தாளித்து, தேங்காய் போட்டு இறக்கினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

நம் வீட்டுக்காரர்கள் இருவரும் காலையிலேயே ஏரியூர் விருந்துக்குப் போய்விட்டார்கள். தீபா பதினோரு மணிக்கு வந்தாள். செருப்பை விட்டவள் நேராகச் சமையலறைக்கு வந்தாள். ஒவ்வொரு டப்பாவாக எடுத்து, திருப்பி, பின்னால் உள்ள சின்ன எழுத்தைப் படித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வந்தது. சத்துணவு ஆய்வுக்கு வருகிற அதிகாரிகூட இப்படிப் பார்த்ததில்லை. உன்னைப் போலவே புருவத்தைச் சுருக்கிப் படிக்கிறாள்.

தாளிப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பெருங்காய டப்பாவை எடுத்தாள். "இது போட்டீங்களா தொட்டம்மா?"

"அவரைக்காய்க்கு ஒரு சிட்டிகை. வாயுவுக்கு நல்லதாச்சே."

டப்பாவை என் கையில் கொடுத்து, நகத்தால் ஒரு வரியைக் காட்டினாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தேன். பெருங்காயம் கொஞ்சம்தான். மீதியில் கோதுமை மாவு. மைதா என்றும் போட்டிருந்தது. தூள் கட்டி தட்டாமல் இருக்க மாவு சேர்ப்பார்களாம். இருபத்தைந்து வருடமாக இந்த டப்பாவைத் திறந்து மூடுகிறேன், திருப்பிப் பார்த்ததே இல்லை.

அப்போது எனக்கு ரசம் ஞாபகம் வந்தது. உனக்கு எதுவும் ஒத்துக்கொள்ளாதபோதெல்லாம் நான் வைத்துக் கொடுத்த ரசம். "இதுலயாச்சும் பயம் இல்லக்கா" என்று நீ டம்ளரில் வாங்கிக் குடித்த ரசம். இவ்வளவு சுத்தமாகச் சாப்பிட்டும் ஏன் உள்புண் ஆறவில்லை என்று பெங்களூர் டாக்டர் உன்னைத் திட்டி அனுப்பினாரே. வீட்டுக்கு வந்து நீ அழுதபோதும் நான் ரசம்தான் கொடுத்தேன். ஆறேழு வருடம், தினமும், பெருங்காயம் மணக்க.

தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். தொடக்கு நாளில் அழக் கூடாது என்பதெல்லாம் மறந்துவிட்டது. "தெரியாம பண்ணிட்டனே கண்ணு, உங்கம்மாளுக்கு நான் தெரியாம பண்ணிட்டனே" என்று அடித்துக்கொண்டு அழுதேன்.

தீபா ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "எந்திரிங்க தொட்டம்மா. பெருங்காயம் அம்மாவுக்கே தெரியாது. எனக்கே போன மாசந்தான் தெரிஞ்சுது. யாருக்குமே தெரியாதது அது."

"இருந்தாலும் என் கையால ஊத்துனனே..."

"தெரியாம பண்ணதுக்கு இவ்ளோ அழுவறீங்க. தெரிஞ்சு பண்ணதுக்கு எப்ப அழுவீங்க?"

அழுகை நின்றுவிட்டது.  நான் என்ன கேட்டேன் தெரியுமா? "எது?" என்று கேட்டேன். எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எட்டு வருடமாகத் தெரியும். ஆனாலும் முகத்தை ஒன்றும் அறியாதவள் மாதிரி வைத்துக்கொண்டு, ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் எது என்று கேட்டேன். என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றிய நேரம் அது.

"நான் அப்ப ஆறாவது. இதே தொடக்கு. நீங்களும் ஏரியூர் அத்தையும் மைதா கரைச்சு கறிக்குழம்புல ஊத்துனீங்க. நான் கதவுகிட்ட நின்னேன்" என்றாள்.

ஆமாம் பாக்யா. இப்போது சொல்கிறேன்.

உனக்கு வியாதி என்று தெரிந்த பிறகு வந்த முதல் தொடக்கு. "வேசம் போடறா. வேலை செய்யாம இருக்கறதுக்கு ஒரு சாக்கு. ஒரு தடவ அவளுக்குத் தெரியாம போட்டுப் பாத்தா வேசம் கலைஞ்சுரும்" என்று அண்ணி சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஊருக்கே சமைக்கிறவளுக்கு நீ வந்து சாப்பாட்டைப் பற்றிப் பாடம் எடுக்கிறாய் என்று உள்ளுக்குள் ஒரு எரிச்சல் இருந்தது. இரண்டு கரண்டி மைதா. ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்தேன். அதில்கூட என் கைப்பக்குவத்தைக் காட்டினேன். உனக்கென்று தனியாக வைத்திருந்த சட்டியில் ஊற்றிக் கிளறினேன். குழம்பு கெட்டியாகி நல்ல நிறமாக வந்தது.

நீ தட்டோடு வந்து கேட்டாய். "அக்கா, இதுல ஒண்ணும் சேக்கலயே?"

"என் மேல நம்பிக்கை இல்லைன்னா நீயே வெச்சுக்க" என்றேன்.

உன் முகம் எப்படிப் போனது என்று இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது. கேட்டதற்காக நீ வெட்கப்பட்டாய். என்னைச் சமாதானப்படுத்த இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாய். "நல்லாருக்குதுக்கா" என்றாய். உன் முதுகுக்குப் பின்னால் நானும் அண்ணியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தோம். அன்று சாயங்காலம் நீ துணி துவைத்தாய், ஆட்டுக்குத் தழை ஒடித்தாய். "பாத்தியா, ஒண்ணும் ஆவல" என்று அண்ணி என் தொடையில் கிள்ளினார்கள்.

மறுநாள் ஆரம்பித்தது. மூன்று வாரம் நீ எழுந்து நடக்கவில்லை. இளநீர்கூடத் தங்கவில்லை. நான்தான் உன் துணியை அலசினேன். அலசிக்கொண்டே, அது வேறு ஏதோ காய்ச்சல், தண்ணீர் சரியில்லை, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்தப் பொய்யை நானே நம்பவில்லை. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

தீபா பார்த்ததும் எனக்குத் தெரியும். கதவருகில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தேன். கையில் ஒரு ஒப்பட்டைக் கொடுத்து, "பெரியவங்க பேச்ச அம்மாகிட்ட சொல்லக் கூடாது. சொன்னீன்னா அம்மாவுக்கும் எனக்கும் சண்ட வரும். அப்புறம் வூட்டுக்கு நடுவுல சுவர் வந்துரும், அண்ணன்கூட வெளயாட முடியாது" என்றேன். பதினோரு வயதுப் பிள்ளை. அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

நேற்று அவள் சொன்னது இதுதான். வரி வரியாக எழுதுகிறேன்.

"அம்மா அந்த மூணு வாரமும் தேடிக்கிட்டே இருந்தாங்க தொட்டம்மா. எதுல தப்பு வந்துச்சு, எதுல தப்பு வந்துச்சுன்னு. பாத்திரமெல்லாம் மாத்துனாங்க. அரிசிய மாத்துனாங்க. கடைசியில மாவு மில்லுன்னு முடிவு பண்ணாங்க. ராகி அரைக்கறதுக்கு முன்னாடி கோதும அரைச்சிருப்பாங்கன்னு."

அந்த மில்லுக்காரர் உனக்காகத் திங்கட்கிழமை காலையில் மெஷினைத் துடைத்து, முதலில் ஒரு படி அரிசியை ஓட்டிவிட்டு, உன் ராகியைத்தான் முதல் மாவாக அரைத்துக் கொடுப்பார். நடுத்தெருவில் நின்று நீ அவரைக் கேட்டாய். அவர் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். நீ நம்பவில்லை. நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். வாய் இருந்தும் ஊமையாக நின்றேன்.

"அன்னையிலருந்து ராகியே ஆகாதுன்னு அம்மா களி தொடல. நம்ம வூட்டுல எல்லாரும் களி தின்னுவோம், அம்மா மட்டும் சோறு. கடைசியா ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஒரு நாள் சொன்னாங்க. 'ஒரு உருண்ட களி தின்னணும் போல இருக்குதுடி, ஆனா எனக்கு ஒத்துக்காதே'ன்னு. களி ஒத்துக்கும்னு எனக்குத் தெரியும். அப்பவும் நான் சொல்லல தொட்டம்மா. சொன்னா ஆறு வருசம் ஏன் சொல்லலன்னு கேப்பாங்களேன்னு பயந்துட்டு, தலைய ஆட்டுனேன். ஆமாம்மா, ஒத்துக்காதுன்னு சொன்னேன்."

அதைச் சொல்லும்போதுதான் தீபா அழுதாள். அதுவரை அவள் அழவில்லை.

பாக்யா, உன் உயிர் எதனால் போனது என்று எனக்குத் தெரியாது. அந்த இரண்டு கரண்டியாலா, ரசத்தாலா, இல்லை வியாதியே அப்படியா, டாக்டராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் உன் களியைப் பிடுங்கியது நான். உனக்குப் பிடித்த ஒரே சாப்பாட்டை உனக்கு விஷம் என்று நம்ப வைத்தது நான். உன் மகள் உன் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று பொய் சொல்ல வேண்டி வந்ததும் என்னால்தான். இவ்வளவும் இருக்க, நேற்று நான் பெருங்காயத்தைச் சொல்லி அழுதேனே. அந்த அழுகைக்குள் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது தெரியுமா? அப்பாடா, நான் செய்தது தெரியாமல் செய்த தப்புதான் என்று சொல்லிக்கொள்ள ஒரு டப்பா கிடைத்துவிட்டது. அதை நினைத்தால் மைதாவைவிட எனக்கு அதுதான் அதிகமாகக் குமட்டுகிறது.

அவளைத் தொட்டுத் தேற்றப் போனேன், என் கையை விலக்கிவிட்டாள். "நீ சொல்லாம இருந்ததுக்கு நீ காரணம் இல்ல கண்ணு. நான் மெரட்டுனேன்" என்றேன்.

"எங்கிட்ட சொல்லி என்னங்க பண்றது? எனக்குத் தெரிஞ்ச கதைதானே. அம்மாகிட்ட சொல்லுங்க. அப்பாவுக்குத் தெரியணும், அத்தைக்குத் தெரியணும், எல்லாருக்கும் தெரியற மாதிரி சொல்லுங்க. இத்தன வருசம் நானே வெச்சிருந்தேன். இனிமே என்னால முடியாது" என்றாள்.

அவரைக்காயைக் குப்பையில் கொட்டினேன். தாளிப்புக் கரண்டியையும் சேர்த்துப் போட்டேன். ஓவன் மணி அடித்தது. எடுத்து வைத்தேன். தக்காளி வெடித்து, கேரட் ஓரம் சிவந்து, கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்று வந்தது. நான் பரிமாறவில்லை. அவளே ஒரு தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கறியைப் பிய்த்தாள். முகர்ந்தாள். உள்ளே என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டாள், ஒவ்வொன்றாகச் சொன்னேன். இரண்டாம் முறை கேட்டாள், இரண்டாம் முறையும் சொன்னேன். பிறகு வாயில் வைத்தாள்.

"பசிக்குது, அதனால சாப்பிடறேன். மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க" என்றாள்.

"சரி கண்ணு" என்றேன்.

"உப்பு கம்மி" என்றாள். உப்பை நகர்த்தி வைத்தேன். நாலைந்து துண்டு கறி, இரண்டு கேரட், ஒரு தக்காளி, கொஞ்சம் சோறு. அவ்வளவுதான் சாப்பிட்டாள். எனக்கென்று நான் தட்டு எடுக்கவில்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். வயிறு ஒன்றும் செய்யவில்லை என்று இன்று காலை ஒரு வரி மெசேஜ் அனுப்பியிருக்கிறாள்.

இன்று மத்தியானம் அண்ணி போன் செய்தார்கள். "என்ன, மகாராணி தின்னாளா?" என்றார்கள். நடந்ததைச் சொல்லி, இதை எழுதப் போகிறேன், பத்திரிகையில் வரப் போகிறது என்றேன். "செத்தவளுக்குக் கடுதாசி எழுதிக் குடும்ப மானத்த வாங்கப் போறியா? நான் வாயாலதான் சொன்னேன். கரைச்சு ஊத்துனது நீ" என்றார்கள்.

மானமாம். எனக்குக் கேட்கவே கூசியது. ஆனால் பின்பாதி உண்மை. கரைத்து ஊற்றியது நான்தான். அதனால்தான் இதில் அவர்கள் பேரைப் போடவில்லை, என் பேரைப் போடுகிறேன்.

உன் வீட்டுக்காரருக்கு இன்று சாயங்காலம் இதைப் படித்துக் காட்டப் போகிறேன். அவர் என்ன செய்வாரோ தெரியாது. இந்த வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பினாலும் எழுப்புவார். நாளைக் காலை மில் திறந்ததும் போய், ஆள் நிற்கிற நேரத்திலேயே அந்த மனுசரிடம் சொல்வேன், அவர் மாவில் ஒரு குறையும் இல்லை என்று. அன்று அவரைத் திட்டிய உன் மேலும் குறை இல்லை என்று சேர்த்துச் சொல்வேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. பதில் சொல்ல முடியாதவளிடம் கேட்பதும் ஒரு வசதிதான், அந்த வசதி எனக்கு வேண்டாம்.

தீபாவுக்கு இனி நான் சமைப்பதும் சமைக்காததும் அவள் இஷ்டம். கூப்பிட்டால் போவேன். என்ன போட்டேன் என்று அவள் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். கோபித்துக்கொள்ள மாட்டேன். இது என் வாக்கு.

ஒன்று மட்டும் நீ தெரிந்துகொள். ஆஸ்பத்திரியில் உனக்குத் தலையாட்டினாளே, அது உன் மகள் சொன்ன பொய் இல்லை, பாக்யா. என் பொய். அவள் வாயில் நான் வைத்தது.

உன் ஓரகத்தி,
நீ நம்பிச் சாப்பிட்ட அக்கா,
மல்லிகா